எட்டாவது சிட்டிங்

குரல் கெட்டு வருகிற வெளிநோயாளிகளுக்கான குரல் ஓ.பி.யில் வேலை என்றால், 'சத்தம் போடாதீர்கள்' என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, தொண்டை கிழிய ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. பயிற்சி மாணவர்கள் வந்து போகிற இடம் என்பதால் இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. மாணவி சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை மாணவிக்கும் மாற்றிச் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது.

உத்திரமேரூரில் ஒரு சின்ன அறக்கட்டளை மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவன் நான். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. மற்றதெல்லாம் மாணவர்கள் மேஜையில் விட்டுப்போன படிவங்களையும் நோட்டுகளையும் எழுத்துக்கூட்டிப் படித்து வந்தது. செவ்வாயும் வெள்ளியும் குரல் பிரிவு. பேச்சு, குரல் சிகிச்சையில் முதுநிலை படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆறு வாரம் இங்கே இருந்து, குரல் கெட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பழகுவார்கள். அவர்களுக்கு மேலே ஒரு மேடம். வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். நோயாளிகள் என்னைக் கம்பவுண்டர் என்பார்கள். நான் கம்பவுண்டர் இல்லை என்று சில வருடம் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பல பிள்ளைகள் வந்து போயிருக்கிறார்கள். இங்கே எழுதுவது நிவேதா இருந்த ஆறு வாரம்.

சரியானால் வரமாட்டார்கள்

நிவேதாவுக்குக் கோயமுத்தூர்ப் பக்கம். அப்பா தறி ஓட்டுகிறவர். மேடம் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: குரல் கெட்ட ஒரு நோயாளிக்கு முழுதாக எட்டு சிட்டிங், அதாவது எட்டு முறை உட்கார வைத்துப் பயிற்சி, கொடுக்க வேண்டும். முதல் சிட்டிங்கில் குரலை ஒரு முறை பதிவு செய்ய வேண்டும், எட்டாவதில் ஒரு முறை. அது முடிந்தால் கையெழுத்து. கையெழுத்து இல்லாவிட்டால் அந்த வருடம் பரீட்சை எழுத முடியாது. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் எங்கள் ஓ.பி.யில் ஐந்தாவது முறை வந்த ஆளை நான் பார்த்தது மிகக் குறைவு. அதை அவளிடம் முதல் நாளே சொல்ல மனம் வரவில்லை.

முதல் வாரம் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வந்தார். பேருந்து நிலையத்தில் நின்று ஊர்ப் பேரைக் கூவிக் கூவிக் குரல் தகரமாகியிருந்தது. தண்ணீர் குடிப்பது, வயிற்றில் மூச்சு எடுப்பது, உதட்டை மூடி 'ம்ம்' என்று இழுப்பது எல்லாவற்றையும் நிவேதா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மனிதர் ஒழுங்காகச் செய்தார். மூன்று சிட்டிங்கில் தேறிவிட்டார். நான்காவதுக்கு வரவில்லை. அவள் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். அறை முழுக்கக் கணீரென்று கேட்டது.

"நல்லா கேக்குதா பாப்பா? உன் புண்ணியத்துல தொண்ட சரியாப் பூட்ச்சி. அப்புறம் நான் இன்னாத்துக்கு வரணும்?"

மூன்று நாள்

அதே வாரம் வெள்ளிக்கிழமை இட்லி தோசை விற்கும் நாஷ்டா கடை நடத்தும் ஒரு பெண் வந்தாள். தொண்டை வீங்கிச் சிவந்திருந்தது. மூன்று நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவள் சீட்டை யாருக்கும் காட்டாமல் கடை டப்பாவில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி ஒரு நாள் பேசாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதல் நாள் புருஷன் காரணம் கேட்டுப் பார்த்தான். இரண்டாம் நாள் அவன் அக்கா பழமும் பூவும் வாங்கிக்கொண்டு சமாதானத்துக்கு வந்தாள். மூன்றாம் நாள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து, இருவருக்கும் பொதுவாகப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை புருஷனும் கூடவே வந்தான். நிவேதா, "பேசாம இருந்தீங்களா? ரொம்ப நல்லதுங்க" என்று அவளைப் பாராட்டியபோதுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. அதற்கப்புறம் அவளை அனுப்பவில்லை. அன்றைக்கு அவன் நிவேதாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டான்.

"டாக்டரம்மா எழுதிக் குடுத்துதான் பேசாம இருந்தாளா? அப்ப மூணு நாளா கடைப் பாத்திரமெல்லாம் நான் இன்னாத்துக்குக் கழுவுனேன்?"

நார்மல்

குரலைப் பதிவு செய்யும் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நோயில்லாத ஒரு குரல் வேண்டும். வருகிற பிள்ளைகள் எல்லோரும் என்னைத்தான் உட்கார வைப்பார்கள். ஒரே மூச்சில் 'ஆ' என்று இழுக்க வேண்டும். எத்தனை விநாடி நிற்கிறது, குரல் நடுங்குகிறதா என்று திரையில் கோடு ஓடும். எத்தனையோ பிள்ளைகளின் நோட்டில் 'நார்மல் ஆண் குரல்' என்று இருப்பது நான்தான்.

நிவேதாவும் பதிவு செய்தாள். கோட்டைப் பார்த்தாள். மறுபடி இழுக்கச் சொன்னாள். மூன்றாவது முறை முடிந்ததும், வீட்டில் யாரிடம் பேசுவீர்கள் என்று கேட்டாள். மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது, பேசும்படி ஒன்றும் வருவதில்லை என்றேன். அவள் பழைய பதிவுகளைக் கணினியில் தேடி எடுத்து வரிசையாக வைத்துக் காட்டினாள். நான்கு வருடத்துக்கு முன்னால் வரை ஒரே மாதிரி இருந்த கோடு அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியிருந்தது. எனக்கு எட்டு சிட்டிங் கொடுக்கலாமா என்று கேட்டேன். உள்ளே வேலை செய்கிறவர்களை எடுத்தால் மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாள். பிறகு வாசலில் இருக்கும் காவலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா. நீங்க இனி நார்மல் இல்லீங்க."

பப்பாளிக் காம்பு

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை தேசம்மா வந்தாள். மாகறல் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். நடவுக்கும் களைக்கும் பதினெட்டுப் பெண்களைச் சேர்த்து அழைத்துக்கொண்டு போகிறவள். ஆறு மாதமாகக் குரல் கட்டிக்கிடந்தது. 'ஆ' என்று இழுத்தால் ஆறு விநாடியில் அறுந்துவிடும். மீதி இருந்த ஓ.பி. நாட்களை நிவேதா விரல்விட்டு எண்ணினாள். சரியாக எட்டு. ஒரு நாள் தவறினாலும் போச்சு.

பாதி பாட்டில் தண்ணீரில் குளிர்பானம் குடிக்கும் குழாயை விட்டு, 'ஊ' என்று குமிழி வர ஊத வேண்டும். தொண்டைக்கு இது நல்ல பயிற்சி. இரண்டாவது சிட்டிங்கில் தேசம்மா பல்லால் கடித்துப் பிடித்து ஊதிய ஊதில் குழாய் நசுங்கிப் போனது. மூன்றாவதுக்கு வரும்போது ஒரு முழ நீளத்துக்குப் பப்பாளி இலைக் காம்பை நறுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். அதைத் தண்ணீரில் விட்டு ஊதினாள். பாட்டில் கொதிக்கிற உலை மாதிரி ஆனது. குரல் உடனே கொஞ்சம் தெளிந்தது எனக்கே கேட்டது. வெள்ளிக்கிழமை மேடம் அந்தக் காம்பை வாங்கி, டேப் வைத்து நீளமும் துளையும் அளந்து எழுதிக்கொண்டார். புத்தகத்தில் இப்படி ஒரு குழாய் இருக்கிறதா என்று நிவேதா கேட்டாள். இனிமேல் இருக்கும் என்றார் மேடம். தேசம்மா பழைய குழாயை நிவேதாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது கூல்டிரிங்ஸ் குடிக்கிறது பாப்பா. அதுதான் ஊதறது."

முனகல்

ஐந்தாவது வாரம் நடவு தொடங்கிவிட்டது. தேசம்மா போன் செய்து, இனிமேல் வர முடியாது என்றாள்.  நிவேதா மேடத்தைப் போனில் கூப்பிட்டு, நோயாளி வராவிட்டால் நாம் போகலாமா என்று கேட்டாள். ஐயாவைக் கூட அழைத்துக்கொண்டு போ என்று மேடம் சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. பதிவேட்டையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

சிட்டிங் வரப்பில் நடந்தது. தேசம்மா நட்டுக்கொண்டேதான் பயிற்சி செய்வாள் என்பதால், நிவேதா வரப்பில் அவளோடு பக்கவாட்டில் நகர்ந்தபடி 'ம்ம்' என்று இழுத்துக் காட்டினாள். தேசம்மா இழுத்தாள். பக்கத்தில் இருந்தவள் கேலிக்கு இழுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கால் மணியில் பதினெட்டுப் பேரும் குனிந்து நட்டபடியே உதட்டை மூடி 'ம்ம்' என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து வேகமாக வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். என் கையில் பதிவேடு இருந்தது அவருக்குச் சரியாகப் படவில்லை.

"இன்னா கம்பவுண்டரே, எல்லாம் ஒண்ணா சேந்து முனகிக்கினு கீதுங்க. கூலி பத்தலன்னு உங்கையில மனு எழுதிக் குடுத்துதுங்களா?"

விசில்

அன்றைக்கு நிவேதா ஒன்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். விடியற்காலை தேசம்மா தெருமுனையில் நின்று, பதினெட்டுப் பேரையும் அங்கிருந்தே பேர் சொல்லிக் கத்தி எழுப்புவாள். தொண்டை கெட்டது அதனால்தான். போனில் கூப்பிடக் கூடாதா என்று கேட்டதற்கு, "போன்ல 'வரேன்'னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துக்குவாளுங்க" என்றாள். நிவேதா வெள்ளிக்கிழமை ஆறாவது சிட்டிங்குக்குப் போகும்போது ஒரு விசில் வாங்கிக்கொண்டு போனாள். கத்த வேண்டாம், ஊதினால் போதும். அவள் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது, நானே படித்திருக்கிறேன்.

ஏழாவது சிட்டிங்குக்கு நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கே தேசம்மா ஓ.பி. வாசலில் இருந்தாள். வேலை இல்லை, அதனால் வந்தேன் என்றாள். சனிக்கிழமை விடியலில் தெருவில் விசில் சத்தம் கேட்டதும், எந்தப் பயல் பொம்பளைகளைப் பார்த்து விசிலடிக்கிறான் என்று மூன்று வீட்டுப் புருஷன்மார் கட்டையோடு வெளியே வந்திருக்கிறார்கள். தேசம்மாவைப் பார்த்ததும் கட்டையைப் போட்டுவிட்டார்கள். பெண்கள் விடவில்லை. திங்கட்கிழமை பதினொரு பேர் பக்கத்துத் தெருவில் ஆள் சேர்க்கிற வேறொருத்தியோடு போய்விட்டார்கள். மீதி ஏழு பேரை வைத்துக்கொண்டு ஒரு வயலும் ஒப்புக்கொள்ள முடியாது. தேசம்மா விசிலை முந்தானையில் துடைத்து மேஜைமேல் வைத்தாள். விட்டுப் போன அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி சொன்னதை அப்படியே சொன்னாள்.

"'பேர் சொல்லிக் கூப்புட உனுக்கு வாய் நோவுதுன்னா சொல்லிடு. நாங்க வேற வாய் பாத்துக்கறோம்'னு சொல்லிட்டுப் போறா பாப்பா."

ஏழாவது

சொல்லிவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று கருவி முன்னால் உட்கார்ந்தாள். 'ஆ' பதினான்கு விநாடி நின்றது. கோடு நூல் பிடித்த மாதிரி ஓடியது. கருவி வந்த நாளிலிருந்து இப்படித் தேறிய குரலை நான் பார்த்ததில்லை. இன்னும் மூன்று நாள் இதே மாதிரி இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை எட்டாவது சிட்டிங், பதிவு, கையெழுத்து.

தேசம்மா, "நாளையிலர்ந்து பழையபடி கத்தித்தான் ஆவணும் பாப்பா" என்றாள். "வாசல் வாசலா நின்னு கூப்புட்டா வருவாளுங்க. வெள்ளிக்கெயம வரைக்கும் பொறுன்னு நீ சொன்னா பொறுக்கறேன். உனுக்குப் பரீட்சைன்னு கம்பவுண்டர் சொன்னாரு." சொன்னது நான்தான். நல்லதுக்கென்று சொன்னேன். நிவேதா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் நின்ற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளி வரைக்கும் விட்டால் அந்தப் பதினொரு பேரும் அங்கேயே நிலைத்துவிடுவார்கள் என்பது தெரிய அவளுக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அப்புறம் எழுந்து நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள். தெருமுனையில் நிற்க வேண்டாம், நாலு வீட்டுக்கு ஓரிடம் என்று நடந்து போய்க் கூப்பிடச் சொன்னாள். கால்களை அகட்டி நிற்கச் சொல்லி, தேசம்மாவின் கையை எடுத்து அவள் வயிற்றின்மேலேயே வைத்தாள். எங்கள் 'சத்தம் போடாதீர்கள்' பலகைக்குக் கீழே இரண்டு பேரும் நின்று, 'சாந்தீ', 'குப்பம்மா' என்று அரை மணி நேரம் கூப்பிட்டார்கள். காத்திருந்த நோயாளிகளில் குப்பம்மா என்று ஒருத்தி இரண்டு முறை எழுந்து வந்துவிட்டுப் போனாள். நிவேதா கடைசியாகச் சொன்னது இது.

"கூப்பிடாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்கம்மா. கூப்பிடுங்க, அடிவயித்துல இருந்து கூப்பிடுங்க."

முடிவு என்ற கட்டம்

வெள்ளிக்கிழமை ஓ.பி. ஒரு மணிக்கு முடியும். பன்னிரண்டரைக்கும் தேசம்மா வரவில்லை. நிவேதா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். மேடம் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். நான் வேலையே இல்லாமல் மூன்று முறை வாசலுக்குப் போய் வந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு, முழங்கால் வரை காய்ந்த சேற்றோடு, ஒரு டிராக்டரிலிருந்து இறங்கி வந்தாள். 'ஆ' ஏழு விநாடியில் உடைந்தது. முதல் நாளைவிட ஒரு விநாடி அதிகம்.

மேடம் இரண்டு பதிவையும் போட்டுக் கேட்டார். செவ்வாய்க்கிழமை பதினான்கு இருந்திருக்கிறதே, அதையே கடைசிப் பதிவாக வைத்திருக்கலாமே என்றார். அவர் சோதித்தாரா, வழி சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "அது ஏழாவதுங்க மேடம்" என்றாள் நிவேதா. அதற்குமேல் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், விசிலையும் சேர்த்து. மேடம் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தி, 'முடிவு' என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார்.

கையெழுத்து அன்றைக்கே கிடைத்தது. அந்தக் கட்டத்தில் நிவேதா ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரியை மேடம் அடிக்கவில்லை. படித்துவிட்டு அதற்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார். வரி தேசம்மாவுடையது. என்ன எழுதுவதென்று தெரியாமல் நிவேதா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, டிராக்டர் நிற்கிற அவசரத்தில் பாதி எழுந்தபடி, அந்த உடைந்த குரலில் சொன்னாள்.

"பதினெட்டு பேரும் வந்துட்டாளுங்க பாப்பா. அத்த எழுதிக்க."

குரல் எப்படி வருகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும், எதற்கு என்று நோயாளிகளுக்குத் தெரியும், ஓ.பி. எத்தனை மணிக்கு முடியும் என்பது மட்டும்தான் இத்தனை வருடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.